குதிரைக்குப் போட்ட மதிப்பெண்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மாசி மாதம். நகரியில் எங்கள் தெருக்கோடியில் ஒருவர் வெள்ளைக் குதிரை வைத்திருந்தார். கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடுவார். அந்த வீட்டுக்கு வருமானமே அதுதான். புத்தூர் ஊர்வலம் ஒன்றில் அதன் முன்னங்கால் குளம்பில் ஆணி ஏறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை திருப்பதியிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் ஆணியைப் பிடுங்கிக் கட்டுப் போட்டார். வலிக்கு மருந்தும் கொடுத்தார். பிறகு படம் போட்ட தாள் ஒன்றை எடுத்தார். காது, இமை, தாடை, மூக்குத்துளை என முகத்தில் ஆறு இடங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று மதிப்பெண் போட வேண்டும். கூட்டுத்தொகை ஏறினால் வலி அதிகம். நாள் தவறாமல் டைரி எழுதுகிறவன் என்பதால் தாள் என் கைக்கு வந்தது. "கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் இருந்தபோது போட்டது ஏழு. மறுநாளிலிருந்து காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கடிகாரம் பார்த்துப் போனேன். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. இரண்டு கேரட் கொண்டுபோவேன். தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, முகத்தருகே நின்றுதான் பார்த்தேன். கூட்டுத்தொகை இரண்டு, ஒன்று, ஒன்று.

குதிரைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "மத்தியானமெல்லாம் செவுத்துல சாஞ்சிக்கினே கீதுண்ணா. காலை ஊனவே மாட்டேங்குது."

"மார்க் ஒன்னுதானேப்பா வருது?"

"உன் நோட்டுல நல்லாயிடுச்சி. குதிரைக்கு ஆவலியே!"

சிரித்துவிட்டேன். மருத்துவரிடம் போனில் என் எண்களைத்தான் படித்தேன். வலி மருந்து நின்றது. திருப்பதிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுப்பதும் தள்ளிப்போனது.

ஞாயிறு மதியம் வேறு வேலையாக அந்த வழியே வந்தவன், கொட்டகைத் தகரத்தின் இடுக்கில் எட்டிப் பார்த்தேன். காதுகள் பின்னுக்கு மடங்கியிருந்தன. கண் பாதி மூடி, தாடை இறுகியிருந்தது. மனதுக்குள் கூட்டினேன். பத்து.

கதவைத் தள்ளினேன். காதுகள் நிமிர்ந்து என் பக்கம் திரும்பின. கண் திறந்தது. மூக்கு என் கையைத் தேடியது. அன்று கையில் ஒன்றும் இல்லை.

மறுநாள் திருப்பதியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். சீழ் எலும்புவரை போயிருந்தது. "நாலு நாள் முன்னாடி வந்திருந்தா..." என்ற மருத்துவர் அதை முடிக்கவில்லை. வேறு வழியில்லாமல் கடைசி ஊசியைப் போட்டார்.

கழற்றிய கழுத்துக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே குதிரைக்காரர் சொன்னார்: "உன்னக் கண்டா அதுக்குக் குஷிண்ணா. நீ இன்னா பண்ணுவ?"

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். இப்போது அவர் பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் பெட்டி தூக்குகிறார். அந்தத் தாள் என் டைரிக்குள் இருக்கிறது. தேதி, நேரம் எல்லாம் சரியாக எழுதியிருக்கிறேன். இன்றும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் யாராவது என்னைப் பார்த்து "பரவாயில்லை" என்று சிரித்தால், நான் கதவுக்கு வெளியே வந்த பிறகு அந்த முகம் எப்படி இருக்கும் என்ற நினைப்பு மட்டும் என்னை விடுவதில்லை.