மஞ்சள் சட்டையில் ஒட்டிய ஒன்பது

போதுமான காலம் பேசாமல் இருந்துவிட்டேன். கதிரண்ணை காலமான செய்தியை, டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் நாங்கள் ஆடிய உதைபந்தாட்டக் கழகத்தின் முகநூல் பக்கத்தில்தான் கண்டேன். “எங்கள் பச்சைச் சட்டைக் குடும்பத்தின் மூத்தவர்” என்று டேனிஷில் எழுதியிருந்தார்கள். அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், அவர் அந்தப் பச்சைச் சட்டையை ஒருநாளும் போட்டதில்லை.

அகதிகளாக வந்த புதிதில் கழகத்தில் எங்களைத் தனியாகவே வைத்திருந்தார்கள். புல்தரையும் பச்சைச் சட்டையும் வெள்ளைக்காரருக்கு. சரளைத் தரையும் பயிற்சிக்குரிய மஞ்சள் சட்டையும் எங்களுக்கு. அதில் பெயரோ எண்ணோ கிடையாது. தான் வேலை செய்த மீன் தொழிற்சாலையிலிருந்து கறுப்பு ஒட்டுநாடா கொண்டுவந்து, கதிரண்ணை எங்கள் முதுகில் எண் ஒட்டினார். மழையில் கழன்றுவிடும். “ஓடுறவனுக்குத்தான் கழரும். நிண்டு பாக்கிறவனுக்கு என்னத்துக்குக் கழருது?” என்பார்.

சென்ற ஆண்டு, தன் ஆண்டு நிறைவு விழாவுக்காகக் கழகம் பழைய பச்சைச் சட்டையை அதே மாதிரியில் மறுபடி தைத்து, பழைய ஆட்டக்காரரை ஒரு ஆட்டத்துக்கு அழைத்தது. கதிரண்ணை தன் மஞ்சள் சட்டையோடு கூட்டத்துக்குப் போய், இதையும் தையுங்கள் என்றார். அது எங்கள் சட்டை இல்லையே என்றார், நாங்கள் வந்த காலத்தில் பச்சைச் சட்டை அணிக்குத் தலைவராயிருந்தவர். “அப்ப நாங்கள் ஆருடைய ஆக்கள் எண்டு கேட்டன்,” என்று பிறகு என்னிடம் சொன்னார். மஞ்சளும் தைக்கப்பட்டது. இரண்டு அணியிலும் எல்லோரும் கலந்து ஆட வேண்டும் என்பதையும் அவரே பேசி முடித்திருந்தார்.

நான் வரமாட்டேன் என்றேன்.

“தம்பி, கோவத்தை விட்டிட்டு வா எண்டு நான் சொல்லேல்லை. அதையும் போட்டுக்கொண்டு வா.”

போனேன். அந்த அணித்தலைவர் மஞ்சள் சட்டையில் ஓடினார். முதுகில் கதிரண்ணை ஒட்டிய ஒன்பது. பாதி ஆட்டத்தில் நாடா கழன்று தொங்க, எல்லைக்கோட்டுக்கு வந்து முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். கதிரண்ணை அழுத்தி ஒட்டிவிட்டு என்னைப் பார்த்தார். “பாத்தியோ, ஆள் ஓடுறான்.”

நான் அந்த மனிதரை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் இந்தப் பருவம் கழகத்தின் சிறுவர் அணி வெளியூர் ஆட்டங்களுக்கு மஞ்சளில் போகிறது. அதைப் பார்க்க நானும் போகிறேன். கோபத்தையும் போட்டுக்கொண்டு ஓடலாம் என்பதே அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது.

இதை டேனிஷிலும் எழுதி, கழகத்தின் அஞ்சலிக்குக் கீழேயே பதிவிடப்போகிறேன். பெயர் போட்டால் என்னுடைய பழைய சண்டை என்பார்கள். இது மஞ்சள் சட்டை போட்ட எல்லோருடையதும். அந்தச் சட்டையில் பெயர் இருந்ததில்லை. இதிலும் வேண்டாம்.