பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு வெல்டிங்

இருபத்தாறு வருஷமாக என் வேலை, பிறர் போட்ட வெல்டிங்கைப் பார்ப்பது. திருச்சி கைலாசபுரம் குடியிருப்பில் வீடு, பக்கத்திலேயே தொழிற்சாலை. கொதிகலன் குழாய்களின் இணைப்புகளை டார்ச் அடித்துப் பார்த்து, சரியாக இருந்தால் வெள்ளைக் குறி போடுவேன், இல்லாவிட்டால் சிவப்பு. கடலோடு எனக்கு ஒரு சம்பந்தமும் இருந்ததில்லை. அதில் இழுத்துவிட்டது என் நாத்தனார்தான்.

அவள் என் கணவரின் தங்கை. ஸ்ரீரங்கத்தில் இருக்கிறாள், கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறாள். பாட்டிலில் ஊறும் மீன்களைக் காட்டியே பாதி வாழ்க்கையை ஓட்டியவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "அண்ணி, உயிரோட இருக்கிற மீனை அது இருக்கிற எடத்துலயே போய்ப் பாக்கணும். தனியா போக பயமா இருக்கு. நீங்களும் வாங்க."

"எனக்கு அம்பத்திரண்டு வயசாகுதும்மா."

"எனக்கு மட்டும் என்ன, நாப்பத்தொம்பது. அங்க யாரும் வயசு கேக்க மாட்டாங்க. பிரஷர் இருக்கான்னுதான் கேப்பாங்க."

பிரஷர் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். திருச்சியிலேயே ஒரு நீச்சல்குளத்தில் நான்கு வாரம் பயிற்சி எடுத்தோம். முதல் நாளே அவள் தண்ணீருக்கடியில் பயிற்றுநரைப் பார்த்து 'பிரமாதம்' என்று கட்டைவிரலை உயர்த்த, அவர் உடனே அவளை மேலே கூட்டிவந்துவிட்டார். அங்கே கட்டைவிரல் என்றால் 'மேலே போகணும்' என்று அர்த்தம். எல்லாம் சரி என்பதற்கு விரலை வட்டமாக்கிக் காட்ட வேண்டும். பிறகு இரண்டு நாள் புதுச்சேரிக் கடலில் பழகினோம். மறு மாதம், அதே கடலில் மூழ்கிக் கிடக்கும் படகு ஒன்றையும் மீன்களுக்காகக் கடலடியில் இறக்கிவைத்திருக்கும் சிமெண்ட் பாறைகளையும் பார்க்கப் போனோம். அந்த ஒரு நாளைத்தான் சொல்ல வந்தேன்.

விடிந்த கொஞ்ச நேரத்தில் மீன்பிடிப் படகு ஒன்றில் கிளம்பினோம். பயிற்றுநர், நாங்கள் இருவர், படகோட்டி, அவ்வளவுதான். படகோட்டி என் வயதுக்காரர். மூழ்கிய படகுக்கு அடையாளமாகக் கட்டியிருந்த மிதவையருகே நிறுத்தியதும், அதன் கயிற்றைப் பிடித்தபடி இறங்கினோம்.

நான்கு மீட்டரிலேயே என் இடது காது வலிக்க ஆரம்பித்தது. மூக்கைப் பிடித்துக் காற்றை அழுத்திப் பார்த்தேன், திறக்கவில்லை. கீழே பச்சை இருட்டில் நாத்தனாரின் காற்றுக்குமிழிகள் மட்டும் தெரிந்தன. இவ்வளவு தூரம் வந்து படகில் உட்கார்ந்திருக்கப் போகிறோமா என்று கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பயிற்றுநர் அவளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். ஒரு மீட்டர் மேலே கூட்டிப்போய், தலையைச் சாய்த்து எச்சிலை விழுங்கச் சைகை காட்டினார். இரண்டு முறை விழுங்கியும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது முறை காதுக்குள் 'டக்' என்றது. வலி போன இடம் தெரியவில்லை.

பன்னிரண்டு மீட்டரில் அந்தப் படகு இருந்தது. ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்த பழைய இரும்புப் படகு. உடம்பு முழுக்கச் சிப்பியும் பாசியும். ஜன்னல் இருந்த ஓட்டை வழியாக மஞ்சள் மீன்கள் கூட்டமாக உள்ளே போய், மறுபக்கம் வெளியே வந்தன. நாத்தனார் அசையவேயில்லை. பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்ப்பவள் போல, கைகளைக் கட்டிக்கொண்டு அந்த மீன்களையே பார்த்தபடி மிதந்தாள்.

நான் வேறொன்றைப் பார்த்தேன். மிதவையின் கயிறு உராய்ந்து உராய்ந்து ஒரு முழ நீளத்துக்குச் சிப்பி ஒட்டாத இடம் இருந்தது. அங்கே இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் வெல்டிங் தெரிந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். ஒரே அகலத்தில், இழுத்துவிட்ட கோடு மாதிரி, மீன் செதில் போல அடுக்கடுக்காகப் போயிருந்தது. எவரோ ஒருவர், எந்த ஊரிலோ, குனிந்து உட்கார்ந்து, கை நடுங்காமல் போட்டது. படகு மூழ்கியும் இது பிரியவில்லை. என்னையறியாமல் அதைப் பார்த்து விரலை வட்டமாக்கிக் காட்டினேன். எனக்குப் பின்னால் நின்ற பயிற்றுநர், தனக்குத்தான் காட்டுகிறேன் என்று நினைத்துப் பதிலுக்கு வட்டம் காட்டினார். மாஸ்க்குக்குள் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தண்ணீர் உள்ளே வந்துவிட்டது.

மேலே வந்து, டீ குடித்து, ஒரு மணி நேரம் ஓய்வெடுத்தபின் சிமெண்ட் பாறைகள் இருக்கும் இடத்துக்குப் போனோம். நான் மாஸ்க் மாட்டும்போது படகோட்டி முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"அம்மா, அந்த சிமெண்ட் எல்லாம் நேரா நிக்குதான்னு பாத்துட்டு வந்து சொல்றீங்களா? எறக்கினப்போ நானும் கூட இருந்தேன். எறக்கி விட்டதோட சரி, அப்புறம் எப்படிக் கெடக்குன்னு கண்ணால பாத்ததில்ல."

இதற்கு என்னைவிடச் சரியான ஆள் கிடைக்குமா? கீழே போய் ஒவ்வொன்றாகச் சுற்றிவந்தேன். எல்லாம் ஆள் உயரம், நடுவே ஓட்டை ஓட்டையாக. தண்ணீருக்கடியில் எழுதுவதற்காகப் பயிற்றுநர் கொடுத்திருந்த பலகையில் பென்சிலால் படம் வரைந்தேன். நாத்தனார் அதை எட்டிப் பார்த்து, எங்கே எந்த மீன் என்று பக்கத்திலேயே குறித்தாள்.

படகில் ஏறியதும் பலகையை அவர் கையில் கொடுத்தேன். "ஏழு நேரா நிக்குதுங்க. ஒண்ணு சாஞ்சிருக்கு. இன்னொண்ணு தலைகீழா கெடக்கு."

அவர் முகம் வாடியது. "தலைகீழாவா?"

நாத்தனார் குறுக்கிட்டாள். "அதுலதாங்க மீன் அதிகம். கலவா மீன் ஒண்ணு, இத்தாம் பெரிசு, அதுக்குள்ள குடியிருக்கு. எங்களைப் பாத்துட்டு வெளியவே வரல."

அவர் பலகையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார். "அதை எறக்கினது நான் நின்ன பக்கந்தான். கயிறு நழுவிப் போச்சு. அன்னிக்கு எல்லாரும் என்னை அந்தத் திட்டு திட்டினாங்க." பலகையை அழிப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். கரைக்கு வரும்வரை, கலவா எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, வாய் எவ்வளவு அகலம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நாத்தனாரும் சளைக்காமல் சொன்னாள்.

மதியம் மீன்குழம்பு இருந்த ஓட்டலில் அவள் சாம்பார் சாதம் வாங்கிக்கொண்டாள். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அண்ணி," என்றாள். நான் குழம்பை விடவில்லை.

திருச்சி பஸ்ஸில் இருவரும் பெரம்பலூர் வரை தூங்கினோம். ஸ்ரீரங்கத்துக்குப் பிரியும் டோல்கேட் நிறுத்தத்தில் அவளைக் கூட்டிப்போக அவள் கணவர் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். இறங்கியவள் வண்டியில் ஏறவில்லை. பையை ரோட்டில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்து ஏதோ ஒரு மீனின் அளவைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். பஸ் ஆற்றுப் பாலத்துப் பக்கம் நகர்ந்தது.