தணிகாசலம் அண்ணன் விட்டுப்போன டப்பாக்கள்

முதலில் என் அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். செத்துப்போன மனிதரைப் போதை மாத்திரை விற்கிறவர் என்று எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்பில் போட்டவன் நான்தான். போட்டோவோடு.

மண்ணூர்பேட்டை இட்லிக் கடை தணிகாசலம் அண்ணன் போய் இன்றோடு ஐந்து நாள். நெஞ்சுவலி.

அண்ணன் இருந்தவரை தினம் காலை எட்டு மணிக்குக் கடைக்கு ஆறு பேர் வருவார்கள். இட்லி முடிந்ததும் ஆளுக்கொரு டப்பா திறந்து அண்ணன் அவர்கள் உள்ளங்கையில் எதையோ வைப்பார். விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். நான் மூன்றாவது மாடி பால்கனியில், பனியன் போட்ட துப்பறியும் நிபுணர்... ஜூம் பண்ணி எடுத்துக் குரூப்பில் போட்டேன்.

மறுநாளே மறுவாழ்வு மையத்துப் பெண் வந்து விளக்கினாள். மனநோய்க்கு மாத்திரை எடுத்தபடியே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலைக்குப் போகிறவர்கள். ஞாபகப்படுத்த வீட்டில் ஆள் இல்லை. அந்த வேலையை அண்ணன் ஏற்றிருந்தார்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். சட்னி ஊற்றிக்கொண்டே சொன்னார்: "உடு நைனா. நீ போட்டோ புட்ச்சத அவங்களாண்ட நான் சொல்லிக்கல. தெரிஞ்சா நாளிக்கு ஒருத்தனும் வர மாட்டான். இட்லி போனா போவுது, மாத்திர போயிடும்."

அந்த ஆறு பேரில் முரளி என்று ஒருவர், லேத் ஆபரேட்டர். (பெயரை மாற்றியிருக்கிறேன். அந்த அளவுக்காவது திருந்தியிருக்கிறேன்.) ஒருமுறை அண்ணன் உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போய் நாலு நாள் கடை மூடல். திரும்பி வந்தபோது முரளி சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சாம்பாரில் என்ன கலந்தீர்கள் என்று கேட்டார். அண்ணன் அதே தட்டில் முதல் வாய் தானே சாப்பிட்டுக் காட்டினார்.

மாத்திரை இல்லாமல் நாலே நாள்தான்...

இப்போது டப்பாக்களை வைத்துக்கொள்ள எந்தக் கடையும் தயாரில்லை. நான் நெஞ்சை நிமிர்த்தி வாங்கிக்கொண்டேன். எட்டு மணிக்கு, என் மனைவியின் இட்லியோடு, மூடிய ஷட்டர் முன்னால் நிற்கிறேன். (அந்த இட்லிக்கே தனி மாத்திரை வேண்டும்.)

ஒருவரும் வரவில்லை. மையத்துப் பெண் வீடு வீடாகத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

இன்று முரளியை எதிர்ச் சாரியில் பார்த்தேன். பேசிக்கொண்டே போனார். போனில் என்று நினைத்தேன். கையில் போன் இல்லை. கூப்பிட்டேன்... நடையை வேகமாக்கினார்.

போய்ட்டு வாங்கண்ணே. டப்பா ஆறும் பத்திரமா இருக்கு. நிறைஞ்சே இருக்கு.

அண்ணன் இருக்கிற படம் என்னிடம் அந்த ஒன்றுதான். இங்கே போடலாமா என்று இப்போது எடுத்துப் பார்த்தேன். ஐந்து பேர் அண்ணாந்து தண்ணீர் குடிக்கிறார்கள். முரளி மட்டும் நேராக என் பால்கனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.