பசையைக் கழுவிய இஸ்மாயில் பாய்

இஸ்மாயில் பாய் இறந்த செய்தி வந்தபோது என் இடக்கையில் ஊசிகள் ஏறி, டயாலிசிஸ் இயந்திரம் ஓடத் தொடங்கியிருந்தது. பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. எனக்கு முன்பே வந்து படுத்துவிடுகிற மனிதர். "பாய் இன்னும் வரலையாம்மா?" என்று கேட்டேன். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் செல்வி, குழாயைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டே சொன்னாள்: "விடியக்காலத்துல தவறிட்டாராம் சார். மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் எடுக்கறாங்களாம்."

"கழட்டிடும்மா. போய் முகத்தப் பாத்துட்டு வந்துடறேன்."

"இன்னா சார் பேசறீங்க? ஒடம்புல தண்ணி ஜாஸ்தி சேந்திருக்குது. இப்பக் கழட்டினா மூச்சு வாங்கும்."

அவள் சொன்னது சரிதான். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இயந்திரம் நின்றபின் ஊசிகளை எடுத்து, ரத்தம் நிற்கக் காத்திருந்து, ஆட்டோ பிடித்துப் போனபோது கபர்ஸ்தானில் அடக்கம் முடித்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அன்று அந்த அறையில் எதிர்க் கட்டில்களில் ஊசியோடு படுத்திருந்த உங்களுக்கும் இதேதான் நேர்ந்தது. நம்மில் ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் கரியாலூர்க்காரன். மலைப் பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். சிறுநீரகம் பழுதான பிறகு வாரத்துக்கு மூன்று முறை மலையிலிருந்து இறங்கி ஏற உடம்பு இடம் கொடுக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். சொந்த நிலத்தில் சாமை அறுக்கும்போதுகூட ஊருக்குப் போக முடியவில்லை என்று வந்த புதிதில் புலம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பாய் திரும்பிப் பார்த்தார். "நான் இந்த ஊர்லயே பொறந்தவன் சார். நான் மட்டும் எங்க போயிட்டேன்? படுங்க, நாலு நாட்ட சுத்திக் காட்றேன்" என்றார். ஊசி ஏறாத கையால் பைக்குள்ளிருந்து ஸ்டாம்பு ஆல்பத்தை எடுத்தார். பெயிண்ட் கடைக்காரர், விரல் நகங்களின் ஓரத்தில் எப்போதும் ஏதோ ஒரு நிறம் இருக்கும். ஆனால் ஸ்டாம்பைக் கையால் தொடமாட்டார். சின்னக் கிடுக்கியால்தான் எடுப்பார்.

அவரிடம் இருந்தவற்றில் மிக அரியது அந்த ஆல்பத்தில் இல்லை. அது நான்கு ஸ்டாம்புகள் அச்சான ஒரே தாள். வெளிநாட்டில் அச்சானது. அவருடைய அப்பா வாங்கி வைத்தது. அதன் படத்தைக் கைபேசியில் காட்டினார். முன்பக்கம் அழகாக இருந்தது. பின்பக்கம் தீயில் காட்டி எடுத்ததுபோல் பழுப்பேறி, குறுக்கே ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. "அந்தக் காலத்துப் பசைல அமிலம் கலந்துட்டான் சார். தாளத் தின்னுக்கினே இருக்குது. தண்ணில மெதக்க வுட்டுப் பசையக் கழுவிட்டாத் தாளு பொழைக்கும்."

"கழுவ வேண்டியதுதானே?"

"பசை போனா வெலையும் போயிடும். வாங்க வர்றவன் பின்னாடிதான் மொதல்ல பாப்பான். எங்கண்ணன் கழுவ வுடமாட்டாரு."

அண்ணன் உமர் பாய் அதே வீட்டில் கீழ்த்தளத்தில் இருந்தார், இவர் மாடியில். கடையைப் பாகம் பிரித்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. எல்லாவற்றையும் பிரித்தவர்களால் இந்தத் தாளை மட்டும் பிரிக்க முடியவில்லை. அது அண்ணனின் பீரோவில் இருந்தது. கழுவலாம் என்று இவர் ஆள்விட்டுக் கேட்டதற்கு, "தான் சாவறதுக்கு முன்னாடி, அத்தா குடுத்ததயும் அழிச்சிட்டுப் போலாம்னு பாக்கறானா?" என்று பதில் வந்ததாம். சிரித்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எழுந்து வெளியே போகவும் வழியில்லையே.

கோடை வந்தது. காற்றோட்டமில்லாத அந்தக் கீழ்வீட்டு வெக்கையில் தாள் என்ன ஆகிறதோ என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். "பசை ஒட்டறதுக்குத்தான் சார், வச்சிக்கினு பாக்கறதுக்கில்ல" என்பார். கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர நான் என்ன செய்ய?

தம்பியின் பக்கத்துக் கட்டில்காரன் என்று விசாரித்துக்கொண்டு, ஒரு நாள் உமர் பாயே என் அறைக்கு வந்தார். கையில் ஒரு கண்ணாடித்தாள் உறை. "சென்னைலேர்ந்து ஒருத்தர் வெலைக்குப் பாக்க வரேன்னாரு. வெளிய எடுத்தேன். அப்பளம் மாதிரி மூல கைலயே வந்துடுச்சு. நீங்களே வந்து அவங்கிட்ட சொல்லுங்க சார்."

இருவரும் மாடி ஏறினோம். இஸ்மாயில் பாய் உடைந்த மூலையை வெகுநேரம் பார்த்தார். வெள்ளைப் பீங்கான் தட்டில், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றி, முதலில் அந்த மூலையை மட்டும் போட்டார். மை கலங்கவில்லை. பிறகு தாளைக் கொசுவலைத் துண்டின் மேல் வைத்து, படம் மேலே இருக்கும்படி மிதக்கவிட்டார். தண்ணீர் மெல்ல டீ நிறத்துக்கு மாறியது.

"சார், தட்ட ஆடாமப் புடிக்கச் சொல்லுங்க அவர."

"சார், மெதுவாத் தூக்கச் சொல்லுங்க அவன."

ஒரு முழம் இடைவெளியில் நின்றுகொண்டு இருவரும் என் வழியாகவே பேசினார்கள். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தோம். "எனக்கு அளந்துதான் குடிக்கக் குடுக்கறாங்க. இதுக்கு எவ்ளோ தண்ணி பாருங்க" என்றார் பாய், காய்ந்த உதட்டை நக்கியபடி.

கடைசியாகத் தூக்கியபோது வெடிப்பு முழுதாகப் பிளந்தது. தாள் இரண்டாகப் பிரிந்தது. உமர் பாய் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு, "போச்சா?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

"போவலன்னு சொல்லுங்க சார். ரெண்டா இருந்தாலும் இனிமே பொடியாவாதுன்னு சொல்லுங்க."

ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து மூடினோம். உமர் பாய் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, படியிறங்கிப் போனார். இனிப் பேசிக்கொள்வார்கள் என்று நான் நினைத்தேன். பேசவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்குள் இஸ்மாயில் பாய் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் உமர் பாய் மறுபடியும் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "அவன் அங்க படுத்துக்கினு இன்னா பேசுவான் சார்?"

சொன்னேன். ஊசி குத்தும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வார் என்பதை. செல்விக்கு மாப்பிள்ளை பார்த்துத் தருவதாகக் கிண்டல் செய்வதை. சின்ன வயதில் கோமுகி ஆற்றில் வெள்ளம் வந்தபோது, அண்ணன் தோளில் உட்காரவைத்துக் கொண்டுபோய்க் காட்டியதாக அடிக்கடி சொல்வார் என்பதை.

"அத ஞாபகம் வச்சிருந்தானா?" என்று கேட்டுவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார் உமர் பாய்.

இப்போது நான் டயாலிசிஸ் இல்லாமல் அறையில் இருக்கிற நாட்களில் வந்துவிடுகிறார். எழுந்து போக வழியில்லாமல் படுத்துக்கொண்டு கேட்ட பேச்சுதான் பாயிடமிருந்து எனக்குக் கிடைத்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குச் சொல்லிவருகிறேன். எதிர்க் கட்டில்களில் இருந்த உங்கள் காதிலும் ஏதாவது விழுந்திருக்கும். வந்து சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் உமர் பாய் என் அறையில்தான் இருப்பார்.