கைமாற்றாகக் கொடுத்த கரண்டு

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை முறிந்துபோனது. அதற்குப் பிறகு பேனா பிடித்தது கையெழுத்துப் போட மட்டும்தான். ஆனால் எங்கள் கார் ஸ்டாண்டில் ஆளுக்கு ஒரு மாதிரி இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஒருத்தன் சொல்கிற கதையில் நான் அழுகிறேனாம். அதனால், நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

போன வருடம் ஐப்பசி மாதம், தூத்துக்குடியில் நடந்தது. அப்போது என்னிடம் ஒரு பழைய டீசல் கார் இருந்தது. ஸ்டாண்டில் போட்டு, துறைமுகத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் சவாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அது ஓடிய நேரத்தைவிட மெக்கானிக் கடையில் படுத்திருந்த நேரம்தான் அதிகம். துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு சாருக்கு அடிக்கடி சவாரி போவேன். அவருக்கு வெளியூருக்கு மாற்றல் வந்தது. அவரிடம் விற்பதற்கு ஒரு எலெக்ட்ரிக் கார் இருந்தது.

"தம்பி, வெள்ளிக்கிழமை எடுத்துட்டுப் போ. ரெண்டு நாள் ஓட்டிப் பாரு. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் என்னையும் வீட்டுக்காரியையும் திருநெல்வேலி ஜங்ஷன்ல கொண்டு விடு. பிடிச்சா சாவி உனக்கு. பிடிக்கலைன்னா அங்கேயே என் சிநேகிதர் நிப்பாரு, அவர்கிட்ட குடுத்திரு" என்றார்.

டாக்ஸிக்கு மாற்றி எழுத முடியுமா என்று ஏற்கனவே விசாரித்து வைத்திருந்தேன். முடியும் என்றார்கள். ஸ்டாண்டில் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"ஏலே, அது கார் இல்ல, சக்கரம் வச்ச செல்போன்" என்றான் என் கூட்டாளி. டீசலை அவன் குலசாமி மாதிரி கும்பிடுகிறவன். "கப்பல்காரன ஏத்திட்டுப் போவ. பாதி வழியில நிக்கும். இறங்கி நீந்திப் போயிருங்க சார்னு சொல்லுவியா?"

இன்னொருத்தன் உப்புக் காற்றில் பேட்டரி கருவாடாகிவிடும் என்றான். மழைத்தண்ணீரில் இறங்கினால் ஷாக் அடிக்கும் என்றான் வேறொருத்தன். இவர்களில் ஒருத்தன்கூட அந்த மாதிரிக் காரில் உட்கார்ந்தது கிடையாது. எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வேண்டாம் என்று நாலு பேர் சேர்ந்து சொன்னால், அதுவரை பாதி மனதாக இருந்தவன் முழு மனதாகிவிடுவேன். சனிக்கிழமை வீம்புக்கு விளாத்திகுளம் வரை போய்த் திரும்பிவந்து, ஸ்டாண்டை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினேன். சத்தமே வராததால் ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் நானே ஹாரன் அடிக்க வேண்டியதாயிற்று.

ஓட்டுவதில் பிரச்சினை இல்லை. எங்கே சார்ஜ் போடுவது என்பதுதான் பிரச்சினை. பைபாஸ் பக்கம் ஒரு சார்ஜ் பாயிண்ட் இருக்கிறது. நான் போய்ப் பார்த்த இரண்டு தடவையும் அதில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. வீட்டில் போட வேண்டும். வீடோ வாடகை வீடு. கீழே மக்ரூன் கடை, பின்கட்டில் அடுப்பறை, மாடியில் நான். மொத்தத்துக்கும் சொந்தக்காரர், கடையை நடத்துகிற அக்கா. கல்லாவில் உட்கார்ந்தபடியே அடுப்பில் எது கருகுகிறது என்று மூக்கால் கண்டுபிடிக்கிறவர்.

வாரத் தொடக்கத்திலேயே அவரிடம் போய் நின்றிருந்தேன்.

"எக்கா, கீழ ஒரே ஒரு பிளக் பாயிண்ட் வேணும்."

"எதுக்குலே?"

"காருக்கு."

"காருக்கு எதுக்குலே பிளக்கு? மாவாட்டப் போறியா?"

"கரண்டுல ஓடுத கார் எக்கா. நைட்டு சொருகிட்டுப் படுத்தா, காலையில ரெடியா இருக்கும்."

"நீ சொருகிட்டுப் படுத்திருவ. வீடு பத்துனா நாந்தான எந்திரிச்சு ஓடணும்? முட்டை அடிக்குத என் மிஷினுக்கே கரண்டு காணல. உன் கார் இந்தத் தெருக் கரண்டையே குடிச்சிரும். பெறவு ஈ.பி.காரன் வந்து பீஸைப் பிடுங்கிட்டுப் போவான். போ, போ, பொழப்பப் பாரு."

வயரிங் செலவு என்னுடையது, தனி மீட்டர் வைக்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். மக்ரூன் துண்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்து, "இத தின்னுட்டுப் போ" என்றார். அதற்குமேல் அவரிடம் பேச முடியாது.

இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானம் வீட்டு வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கூட்டாளி பக்கத்தில் நின்று, துடைக்கும் துணிக்கே தனியாக சார்ஜ் போட வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். லேசாகத் தூற ஆரம்பித்தது. அடுத்த நிமிஷம் தெருமுனை டிரான்ஸ்பார்மர் டமார் என்றது. எங்கள் பக்கம் இது சகஜம். மாதக்கணக்காகக் கடல் காற்று கொண்டுவந்து ஒட்டிய உப்பு, முதல் ஈரம் பட்டதும் வேலையைக் காட்டிவிடும். தெரு முழுக்கக் கரண்டு போனது.

பின்கட்டிலிருந்து அக்காவின் சத்தம் கேட்டது. ஓடினோம்.

மக்ரூன் செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முட்டையின் வெள்ளைக்கருவைச் சீனியோடு சேர்த்து, மிஷினில் விடாமல் அடிக்க வேண்டும். வெண்ணெய் மாதிரி கெட்டியாகப் பொங்கி நின்ற பிறகுதான் முந்திரித்தூள் சேர்ப்பார்கள். பாதியில் மிஷின் நின்றால் நுரை தண்ணீர் விட்டுத் தளர்ந்துவிடும். பிறகு எவ்வளவு அடித்தாலும் எழும்பாது. அன்றைக்கு மிஷின் நின்றது சரியாகப் பாதியில். நாசரேத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குத் தாம்பூலப் பையில் போட மக்ரூன் சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலையில் கல்யாணம். விறகு அடுப்பு சூடேறித் தயாராக இருந்தது. உடைத்த வெள்ளைக்கரு இன்னும் இரண்டு அண்டாவில் காத்திருந்தது.

பழைய டீசல் ஜெனரேட்டர் ஒன்று உண்டு. கூட்டாளி சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தான். அது இருமியது. மறுபடியும் இழுத்தான். புகை விட்டது. உள்ளே துரு பிடித்துக் கிடந்திருக்கிறது.

"கூப்பிடுலே உன் குலசாமிய. டீசல் கைவிடாதுன்னு சொன்னியே" என்றேன்.

"வாய மூடிட்டு நீ ஒரு இழு இழு" என்றான், மூச்சு வாங்க.

அக்கா எங்களைக் கவனிக்கவில்லை. அண்டா ஓரத்தில் நுரை இளகுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். கல்யாண வீட்டுக்குச் சொல்லிவிடப் போகிறார். அந்தக் கடையில் நான் அதுவரை அவர் குரல் இறங்கிக் கேட்டதே இல்லை. "பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க" என்று தனக்குத்தானே சொன்னார்.

எனக்கு அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. காரைக் கொடுக்கும்போது சார் ஒரு வயரையும் கொடுத்திருந்தார். சார்ஜ் போடுகிற வாயில் அதைச் சொருகினால் கார் கரண்டு வாங்காது, கொடுக்கும். சார் ஒரு கெட்டிலைச் சொருகி எனக்கு டீ போட்டே காட்டியிருந்தார்.

உடனே சொல்லிவிடவில்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். விளாத்திகுளம் போய்வந்ததில் சார்ஜ் இறங்கியிருந்தது. திருநெல்வேலி போய்ச்சேர இருக்கும், அதற்குமேல் கொஞ்சம் இருக்கும். திரும்பி வர அங்கேயே எங்காவது போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். இந்த மிஷின் எவ்வளவு குடிக்கும் என்று எனக்குத் தெரியாது. நடுவழியில் நின்றால் சாரின் ரயில் போச்சு. கார் எனக்கு இல்லை என்பதும் அங்கேயே முடிவாகிவிடும். கூட்டாளிக்கு என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. காதருகில் வந்தான்.

"வேண்டாம்லே. பிளக் தரமாட்டேன்னு விரட்டுன வீட்டுக்கா? சாயந்தரம் ரோட்டுல நின்னேன்னா ஸ்டாண்டுல உன்னை உரிச்சிருவானுக."

அவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் யோசித்துக்கொண்டே இருந்திருப்பேன்.

"எக்கா, போனை வைங்க" என்றேன்.

காரைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து தகரக் கொட்டகைக்கு அடியில் நிறுத்தி, ஜன்னல் வழியாக வயரை உள்ளே விட்டேன். அக்கா குறுக்கே வந்து நின்றார்.

"வெடிக்காதுல்ல?"

"வெடிச்சா நானும் சேர்ந்துதான் எக்கா போவேன். மாடியிலதான இருக்கேன். வாடகை பாக்கிகூட இல்ல, நிம்மதியாப் போயிருவேன்."

"சனியனே, பேசாம சொருகு."

சொருகினேன். மிஷின் ஒரு தடவை உறுமியது, பிறகு சுற்றத் தொடங்கியது. இளகிய அந்த முதல் அண்டாவைக் காப்பாற்ற முடியவில்லை. அதை அப்படியே ஓரம் தள்ளிவிட்டு, ஈடுக்குப் புது முட்டை உடைக்கச் சொல்லிவிட்டு அக்கா அடுத்ததை ஊற்றினார். வெள்ளைக்கரு மெல்ல மெல்ல வெளுத்து, பொங்கி, கரண்டியில் எடுத்தால் மூக்கு நிமிர்ந்து நிற்கிற பதத்துக்கு வந்தது. கடையில் வேலை பார்க்கிற இரண்டு பெண்களும் காகிதக் கூம்பில் அடைத்துத் தட்டில் பிழிய ஆரம்பித்தார்கள். வரிசை வரிசையாகக் குட்டிக் கோபுரங்கள்.

நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. காருக்குள் உட்கார்ந்து சார்ஜ் காட்டுகிற திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கூட்டாளி பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து அவனும் அதையே பார்த்தான். நெடுநேரம் ஆகியும் நம்பர் இறங்கவில்லை. திரை கெட்டுப்போய்விட்டது என்றான் அவன். பிறகு ஒன்று இறங்கியது. அவனுக்கே ஆறுதல். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

எல்லா அண்டாவும் முடிந்தபோது இறங்கியிருந்தது, பக்கத்தில் இருக்கிற மாப்பிள்ளையூரணி வரை போய்த் திரும்புகிற அளவு சார்ஜ். அவ்வளவுதான். நானும் ஒன்றும் தெரியாமல்தான் பயந்திருக்கிறேன். அக்காவைக் கேலி பண்ண எனக்கு என்ன யோக்கியதை!

கரண்டு வந்ததும் அக்கா இடுப்பிலிருந்து பர்ஸை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எவ்வளவு ஆச்சு? சொல்லு."

"ஒண்ணும் வேண்டாம் எக்கா."

"ஏலே, எவன் கடனும் எனக்கு ஆவாது. வாங்குனா அன்னைக்கே குடுத்திருவேன்."

உண்மைதான். எங்கள் தெருவில் எல்லாம் கடைக்காரர்கள். ஒருவருக்கொருவர் கைமாற்று உண்டு. ஆனால் அக்கா பக்கத்துக் கடையில் ஒரு டப்பா சீனி வாங்கினால், சாயந்தரத்துக்குள் அதே டப்பாவில் அதே அளவு சீனி திரும்பிப் போய்விடும். அதை நினைத்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சீனி வாங்குனா சீனியாத்தான எக்கா திருப்பிக் குடுப்பிய? கரண்டை வாங்கிட்டு ரூவாயக் குடுத்தா என்ன நியாயம்? கரண்டாவே குடுத்திருங்க."

அக்கா பர்ஸைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கூட்டாளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"நீ பெரிய திருட்டுப்பய" என்றார். பிறகு மிஷின் பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டு, "கரண்டு வாங்குத வயர எங்க? சொருகு" என்றார்.

சார்ஜ் ஏறத் தொடங்கியது. அக்கா ஒரு ஸ்டூலை இழுத்து மீட்டர் பெட்டிக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். ஒரு வாளி மணலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மீட்டரைப் பார்ப்பார், பிளக்கைத் தொட்டுச் சூடு பார்ப்பார், மறுபடியும் மீட்டர். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

"எக்கா, போதும். நான் குடுத்தது வந்திருச்சு" என்றேன்.

"அதுக்குள்ளயா? இம்புட்டுத்தானா?" அவர் முகத்தில் ஏமாற்றம் மாதிரிகூட இருந்தது. தெருவையே குடிக்கும் என்று நினைத்த பூதம் ஒரு டம்ளரோடு எழுந்துவிட்டதே! கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் போடு. வட்டிக்கு" என்றார்.

திருநெல்வேலிக்கு வட்டியோடுதான் போனேன். ரயிலுக்கு நேரம் இருக்கும்போதே போய்ச்சேர்ந்தோம். சிநேகிதர் வாசலில் நின்றிருந்தார். "என்ன தம்பி, முடிவு பண்ணிட்டியா?" என்று சார் கேட்டார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பட்டனையும் மாட்டிக்கொண்டேன்.

அக்கா அதற்குப் பிறகும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மாடிப்படிக்குக் கீழே எலெக்ட்ரீஷியன் துளை போடும் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வந்தது. தனி மீட்டர், தனி பிளக், பக்கத்தில் அந்த மணல் வாளி. செலவு உன்னுடையது என்று கீழேயிருந்து கத்தினார். சரி என்று மேலேயிருந்து கத்தினேன்.

இப்போதும் ஸ்டாண்டில் யாராவது ஆரம்பிக்காமல் இருப்பதில்லை. பேட்டரி சில வருடத்தில் செத்துப்போகும் என்கிறார்கள். சாகட்டும், அன்றைக்குப் பார்த்துக்கொள்கிறேன். திருநெல்வேலியைத் தாண்டி நெடுந்தூரச் சவாரி வந்தால் நான் யோசிக்கத்தான் செய்கிறேன். அதை ஸ்டாண்டில் மட்டும் சொல்வதில்லை. என் வண்டி, என் யோசனை, என் தலைவலி. கார் வாங்கலாமா வேண்டாமா என்று ஊரில் அத்தனை பேரிடமும் வாய் கிழியப் பேசிய எனக்கு, பதில் கிடைத்தது அந்த இரண்டு பிளக்கில்தான். ஒன்று நான் பயந்துகொண்டே சொருகியது, இன்னொன்று அக்கா பயந்துகொண்டே சொருகவிட்டது. பயம் போன பிறகு முடிவெடுக்கலாம் என்று அன்றைக்கு இரண்டு பேரும் காத்திருந்தால், இன்னும் காத்துக்கொண்டேதான் இருந்திருப்போம்.

எழுதி முடித்ததும், இதில் ஏதாவது பொய் இருந்தால் சொல்லு என்று கூட்டாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில் வந்தது:

"நாளைக்கு ஒரு நாள் வண்டிய எங்கிட்டக் குடுலே, நானும் முடிவு பண்ணணும்."