பாதிச் சவரம்

துறைமுகத்தில் எடைமேடைக் குமாஸ்தாவாக இருக்கிறேன். சனிக்கிழமை வேலை முடிந்ததும் கடற்கரைச் சாலைப் பக்கமுள்ள ஒரு சலூனில் சவரம் செய்துகொள்வது பல வருட வழக்கம். கடைக்காரன் என்னைவிட இளையவன். கை சுத்தம், வாய் ஓயாது.

அன்று இடது கன்னத்தை முடித்துவிட்டு வலது கன்னத்துக்கு நுரை பூசிக்கொண்டிருந்தான். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கப்பல்காரர் வந்தார். உயரமான ஆள், நல்ல கறுப்பு, இஸ்திரி போட்ட சட்டை. தலையைத் தொட்டுக் காட்டி, முடி வெட்ட வேண்டுமென்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கடைக்காரன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "குளோஸ், குளோஸ்" என்றான். பிறகு என் பக்கம் குனிந்து, "இந்த ஆப்பிரிக்காக்காரனுக்கு வெட்டுனா நம்மாளுவ அந்தச் சீப்பத் தொடமாட்டாவ அண்ணாச்சி" என்றான். பெஞ்சில் காத்திருந்த ஒருவன் சிரித்தான்.

வந்தவருக்குத் தமிழ் தெரியாது. சிரிப்பு புரிந்துவிட்டது. கதவுப் பக்கம் திரும்பினார்.

எதிர்க் கண்ணாடியில் நாங்கள் மூன்று பேரும் தெரிந்தோம். கடைக்காரனும் நானும் ஒன்றும் சுண்ணாம்பு நிறமில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. கழுத்துத் துணியை உருவிப் போட்டுவிட்டு எழுந்தேன்.

"அப்ப எனக்கும் குளோஸ்தாம்லே."

"அண்ணாச்சி, பாதிதான் முடிஞ்சிருக்கு!"

"இருக்கட்டும். அவருக்கு என்னைக்கு வெட்டுதியோ, அன்னைக்கு மீதிய எடு."

நுரையைக் கைக்குட்டையால் துடைத்தபடி அவரைத் தெருவில் பிடித்தேன். கானா நாட்டுக்காரர், கப்பலில் எஞ்சின் பிரிவில் வேலை. "எனக்கு இதெல்லாம் பழக்கம்தான். நீங்கள் ஏன் எழுந்து வந்தீர்கள்?" என்றார். "எனக்குப் பழக்கமில்லை" என்றேன். ஒரு பக்கம் மழமழப்பு, மறுபக்கம் ஒரு வாரத்து நரைத்தாடி. என் முகத்தைப் பார்த்தவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கும்தான்.

அவரோடு டீக்கடைக்குப் போனேன். அங்கே, "என்ன அண்ணாச்சி, நடுவுல கரண்ட் போயிட்டா?" என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொன்னேன். போன் நம்பரை வாங்கிக்கொண்டு அவரைத் துறைமுக பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

வீட்டில் என் மனைவி கதை முழுவதையும் கேட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு என் ரேசரை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "காலையில பூசைக்கு இப்படியே வாங்க. கேக்கட்டும், நானும் சொல்லுதேன்."

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் அவள்தான் அதிகம் பேசினாள். பெண்கள் கூட்டம் அவளைச் சுற்றி நின்றது.

மத்தியானம் கடைக்காரன் வீட்டு வாசலில் நின்றான். "காலையிலேருந்து வாரவனெல்லாம், எனக்காவது முழுசா எடுப்பியாலேன்னு கேக்கான்" என்று அழாக்குறையாகச் சொன்னான். தரையைப் பார்த்தபடி, "நான் பேசுனது தப்புதான் அண்ணாச்சி. அவரக் கூட்டிட்டு வாங்க" என்றான்.

சாயங்காலம் கானாக்காரர் ஒரு கப்பல் நண்பரோடு வந்தார். கடைக்காரன் அவர் முகத்தைப் பார்த்து, "சாரி சார்" என்றான். "நேற்று எனக்கு வருத்தமாக இருந்தது" என்றார். அதை நான் தமிழில் சொன்னேன். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வெட்டிக்கொண்டிருக்கும்போது வாடிக்கைக்காரர் ஒருவர் உள்ளே வந்து, "என்னலே, இவனுக்கெல்லாமா வெட்டுத?" என்றார். நான் வாயெடுப்பதற்குள் கடைக்காரனே திரும்பினான்.

"இங்கன வாரவுக எல்லாருக்கும் ஒரே சீப்புதான். வேணும்னா உக்காருங்க. இல்லன்னா அடுத்த தெருவுல கடை இருக்கு."

அந்த ஆள் முணுமுணுத்தார். ஆனால் போகவில்லை. செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கானாக்காரர் கைக்கண்ணாடியில் பின்கழுத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அடுத்து நண்பரை உட்காரச் சொன்னான் கடைக்காரன். ஆனால் அந்த நண்பர் என் கன்னத்தைச் சுட்டிக்காட்டி, இந்த மனிதரை முதலில் காப்பாற்றுங்கள் என்றார். கடையே சிரித்தது. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.