தாரணியின் புதுக் காற்றுக் குழாய்

தாரணிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு காரியத்தைச் செய்து முடித்துவிட்டு, அதைச் செய்யலாமா என்று ஊரெல்லாம் கேட்பாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்த காலத்தில், கம்பெனி வேன் ஓட்டுகிறவரிடம் சொல்லி வண்டி பழகி, லைசென்சும் வாங்கி, அதைப் பர்சில் வைத்துக்கொண்டுதான் புருஷன் சுபாஷுக்குப் போன் போட்டாள். "ஏனுங்க, நான் கார் ஓட்டப் பழகுலாமுங்களா?"

அதே மாதிரிதான் காரும் வந்தது. கொல்லிமலைக்குத் திரும்பி வந்த வருடம் சேலத்தில் பழைய டீசல் கார் ஒன்றைத் தன் சீட்டுப் பணத்தில் பேசி முடித்தாள். டர்போ வண்டி, மலைக்கு நல்லது என்றார்கள். டர்போ என்றால் என்ன என்று வாங்கிய பிறகு விசாரித்தாள். இஞ்சினுக்குள் காற்றைத் திணித்து அனுப்புகிற விசிறி என்று ஒருவர் சொன்னார். அது கெட்டால் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டையும் நம்பினாள்.

மலைமேல் அவள் ஊர்ப்பக்கமான வாழவந்தி நாட்டில் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கீழே காலேஜில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லாம் தாரணியின் காருக்குச் சொல்லிவைத்தார்கள். வேலை பிடித்திருந்தது. ஆனால் காரில் ஐந்து பேர் ஏறிவிட்டால் மலை ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி திணறியது. ஒருமுறை ஒரு நோயாளியின் தம்பி இறங்கி நடந்தே அடுத்த வளைவுக்கு வந்து ஏறிக்கொண்டான். அந்தச் செய்தி கட்டட வேலைக்கு நாமக்கல் போயிருந்த சுபாஷின் காதுக்கும் போனது.

"இந்த ஓட்ட வண்டிய வித்துப்போடலாம் தாரணி. நீ பழையபடி தையலே தைக்கலாம்."

"வண்டி ஓட்டயில்லீங்க. அதுக்கு மூச்சு பத்தல."

"மூச்சு பத்தலைன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

கடைசியில் இப்படிப் பேசி முடிந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கத்தில் பங்காளி வீட்டுக் கெடாவெட்டு. வீட்டார் எல்லாரும் போய்த் திரும்பி வரும்போது, யாரையும் இறக்கிவிடாமல் கார் மலை ஏறிவிட்டால் தாரணி வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் விற்றுவிட வேண்டியது. வாங்குவதற்கு ஆள்கூடப் பார்த்து வைத்திருந்தான் சுபாஷ்.

மூச்சு என்ற யோசனை அவளுக்குப் போனில் பார்த்த ஒரு வீடியோவிலிருந்து வந்தது. இஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டுகிற கறுப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டு, ஒரு வெள்ளிநிறக் குழாயும் அதன் முனையில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரும் மாட்டினால் வண்டி நன்றாகக் காற்றை இழுக்கும், இழுவை கூடும் என்று ஒரு பையன் அடித்துச் சொன்னான். பெரிய கம்பெனிச் சாமானின் விலையைக் கேட்டு மலைத்துப் போனவள், சேலத்தில் முரளி என்பவரின் கடையில் மலிவாக ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து பஸ்ஸில் பார்சல் போடச் சொன்னாள். பார்சல் வந்த பிறகு, "இது நல்லதுங்களா?" என்று பஸ் கண்டக்டரிடம் கேட்டாள்.

மாட்டிக் கொடுத்தவர் செம்மேட்டு மெக்கானிக் முருகானந்தம். மலையில் ஓடும் பழைய ஜீப்புகள் எல்லாம் அவர் கைப்பட்டவை. பெட்டியைக் கழற்றினார், குழாயை வைத்துக் கிளிப் போட்டு முறுக்கினார், பெட்டியில் செருகியிருந்த சின்ன சென்சாரை எடுத்துக் குழாயில் அதற்கென்று விட்டிருந்த ஓட்டையில் திருகினார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு கூம்பு ஃபில்டரை விரலால் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்ன கண்ணு, லேசாப் பிசுபிசுக்குது, அவ்வளவுதான். எண்ணெயே பத்தல."

"எண்ணெய் எதுக்குங்கண்ணா?"

"எதுக்கா? ஜீப்புல காத்து உள்ள போற எடத்துல ஒரு கிண்ணம் இருக்கும், அது நெறைய எண்ணெய் ஊத்துவோம். தூசியெல்லாம் அதுல ஒட்டிக்கும். நம்ம செம்மண்ணுக்கு எண்ணெய் இல்லாத ஃபில்டர் எந்த மூலைக்கு?"

ஜீப் ஓட்டும் எந்த மலைக்காரரும் மறுக்காத பேச்சு அது. தாரணியும் தலையாட்டினாள். அவர் கேனைச் சாய்த்துக் கூம்பு நனைய நனைய ஊற்றினார். சொட்டிய எண்ணெய் அடியில் கருப்பாகத் தேங்கியது.

முதல் நாள் ஓட்டிப் பார்த்தபோது கார் புலியாகிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. மிதித்தால் விசில் அடித்தது. காலை எடுத்தால் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. பின்சீட்டில் இருந்த பெரியவர், "கண்ணு, பாம்பு கீம்பு பூந்திருச்சா?" என்று காலைத் தூக்கிக்கொண்டார். இழுவை கூடியதா, சத்தம்தான் கூடியதா என்று தாரணியால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சத்தம் கூடியிருக்கிறதே, இழுவையும் கூடத்தானே வேண்டும்?

இரண்டொரு நாளில் காருக்கு விக்கல் எடுக்க ஆரம்பித்தது. மிதித்தால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. மீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. தாரணி தன் வழக்கப்படி கேட்க ஆரம்பித்தாள். டீசலில் தண்ணீர் என்றார் ஒருவர். மூடுபனி உள்ளே போயிருக்கும் என்றார் இன்னொருவர். டர்போ போச்சு, துண்டை எடுத்துக்கோ என்றார் மூன்றாமவர். புது வண்டி மாதிரிதான் இருக்கிறது, உனக்குத்தான் மனசு சரியில்லை என்றாள் நாத்தனார் சுமதி. ஒவ்வொருவர் சொல்லும்போதும் அதுதான் என்று பட்டது. முருகானந்தத்திடம் போனாள்.

அவர் கூம்பைத் தொட்டுப் பார்த்தார். "பாத்தியா, காஞ்சுபோச்சு. ஊத்துன எண்ணெய் எல்லாம் எங்க போச்சுன்னே தெரியல." மறுபடியும் ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை இறங்குவதில் ஒரு சிக்கலும் இல்லை. இறக்கத்தில் எந்த வண்டிதான் திணறும்? கெடாவெட்டில் தாரணிக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பும்போது முன்சீட்டில் சுபாஷ், பின்னால் மாமியார் சின்னாயி, சுமதி, சுமதியின் மகள். டிக்கியில் பங்காளி கொடுத்தனுப்பிய அரிசி மூட்டை.

முதல் சில வளைவுகளை எப்படியோ கடந்தாள். அதற்கு மேல் கார் முக்கி முனகியது. இரண்டாவது கியரில் நின்றுவிடும் போலிருந்தது, முதல் கியரில் நத்தையானது. பின்னால் வந்த பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது. ஓர் அகலமான வளைவில் ஓரங்கட்டி நிறுத்தினாள். பஸ் அவர்களை உரசாத குறையாகப் போனது.

"எல்லாரும் எறங்குங்க," என்றான் சுபாஷ். அவன் மட்டும் இறங்கிக் கதவை அறைந்தான்.

"நான் எறங்கமாட்டேன்," என்றார் சின்னாயி. "கறி தின்னுட்டு மலை ஏறுனா நெஞ்சு கரிக்கும்."

"வண்டியே ஏறாதுங்கறேன், நீ வேற!"

தாரணி பானெட்டைத் திறந்தாள். என்ன பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. குழாயின் கிளிப்பைத் தளர்த்தி உள்ளே விரலை விட்டாள். காற்று மட்டும் போக வேண்டிய குழாய் முழுக்க வழவழவென்றிருந்தது. விரல் கருப்பாக வெளியே வந்தது. ஊற்றிய எண்ணெய் எங்கே போனது என்று முருகானந்தம் கேட்டாரே, இங்கேதான் போயிருக்கிறது. ஜீப்பில் எண்ணெய் உட்காரக் கிண்ணம் இருக்கிறது. இதில் கிண்ணம் ஏது?

அந்த வளைவில் நல்லவேளையாக டவர் கிடைத்தது. குழாய் விற்ற முரளிக்குப் போன் போட்டாள்.

"எண்ணெயா? அக்கா, அது எண்ணெய் தடவித்தானுங்க வருது! எவ்வளவு ஊத்துனீங்க?"

"நல்லா நனையற மாதிரிங்க. ரெண்டு தடவ."

முரளி சிரிப்பை அடக்குவது கேட்டது. "குழாய்ல ஒரு சென்சார் இருக்கில்லீங்களா, அதுதான் உள்ள போற காத்த அளக்கறது. அது மேல எண்ணெய் படிஞ்சா, காத்தே வரலைன்னு இஞ்சினுக்குப் பொய் சொல்லும். அதை நம்பி இஞ்சின் டீசலக் கொறைச்சுரும். இப்போதைக்கு அந்த ஒயர் பிளக்கப் புடுங்கிட்டு ஏறுங்க. சென்சார் இல்லைன்னா வண்டி தன் குத்துமதிப்புல ஓடும். ஊட்டுக்குப் போயி சுத்தம் பண்ணிக்கலாம்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. முருகானந்தத்துக்குப் போட்டாள்.

"பிளக்கப் புடுங்கறதா? அப்படியே நின்னுபோகும் கண்ணு! ஒன்னும் பண்ணாத. நான் நாளைக்கு வந்து பாக்கறேன்."

நாளைக்கு. நாளைக்கு இந்தக் கார் யாருடையதோ.

சுபாஷ் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். "என்ன சொல்றாங்க?"

"ஒருத்தர் புடுங்குங்கறார், ஒருத்தர் புடுங்காதங்கறார்."

"நீ என்ன சொல்ற?"

அதுதான் அவளுக்குத் தெரியவில்லை. தப்பினால் வளைவுக்கு நடுவில் வண்டி நிற்கும், பின்னால் இறங்கும். சும்மா இருந்தால் எல்லாரையும் இறக்கிவிட வேண்டும், கார் போய்விடும். யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கை பிளக்கை அழுத்திப் பிடித்து இழுத்துவிட்டிருந்தது. கிளிப்பை இறுக்கினாள். கையைச் சேலையில் துடைத்தபடி ஏறி உட்கார்ந்தாள்.

"புடுங்கலாமுங்களா?" என்று சுபாஷிடம் கேட்டாள்.

அவன் ஒயர் தொங்குவதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பானெட்டை மூடிவிட்டு வந்து ஏறினான்.

சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது. இந்த முறை அணையவே இல்லை. ஆனால் கார் நகர்ந்தது. முதல் கியர், இரண்டாவது கியர். திக்காமல் ஏறியது. அடுத்த வளைவு, அதற்கடுத்தது. விளக்கு எரிய எரிய வண்டி ஏறுவது அவளுக்குப் பயமாக இருந்தது. முன்பு விளக்கு அணைந்திருந்தபோது திணறியதே! எதை நம்புவது? மேலே சோளக்காடு ஊர் வந்து தட்டையான ரோட்டில் சக்கரம் உருண்டபோதும் அவள் ஸ்டியரிங்கை முறுக்கிப் பிடித்தபடியே இருந்தாள்.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் சுபாஷ்தான் முதலில் பேசினான். "நான் நடுவுல எறங்குனேன். அப்ப நான்தானே செயிச்சேன்?"

"நீங்க கோவத்துல எறங்குனீங்க. வண்டி உங்கள எறக்குல."

"நான் எறங்கவேயில்ல," என்றார் பின்சீட்டிலிருந்து சின்னாயி. "அந்த ஆளுக்குப் போனப் போட்டு, வண்டி விக்கறதுக்கில்லைன்னு சொல்லுடா."

சுபாஷ் முனகிக்கொண்டே போனை எடுத்தான். சொல்லியும்விட்டான். அரிசி மூட்டையை இறக்கிக்கொண்டு வீட்டுக்குள் போகப் போனவனைத் தாரணி கூப்பிட்டாள். அவளுக்கு இன்னும் எதுவும் பிடிபடவில்லை. புதுக் குழாய் வண்டியை ஏற்றியதா, கெடுத்ததா? எண்ணெய் ஊற்றாமல் விட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இப்போது அதுவும் தெரியாது.

"ஏனுங்க, நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரி டிரிப் இருக்குது. பழைய பெட்டிய மாட்டட்டுங்களா, இதையே சுத்தம் பண்ணிப் போடட்டுங்களா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றான் சுபாஷ், மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டே. "டிரைவர் நீதான."

அவன் உள்ளே போய்விட்டான். தாரணி பானெட்டை மறுபடி திறந்து, தொங்கிக்கொண்டிருந்த ஒயரைப் பார்த்தபடி நின்றாள்.